எட்டு அறைகளும் ஒரு கம்பியும்

"கணக்கு சரியா வந்திருக்குன்னு எப்படி மேடம் தெரியும்?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது இதைத்தான். ஒரு வளாகத்தில் எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை கேபிள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடுவீர்கள். பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். சூத்திரங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கணக்கு சரியா என்பது அந்த நாள் வரும்வரை தெரியாது, அவ்வளவுதான். தெரியாமலேயே எப்படி முடிவெடுப்பது என்பதற்கு ஒரே ஒரு நாளின் கதையைச் சொல்கிறேன்.

நான் சித்தூர்க்காரி. மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவள். முதல் வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். எந்த நேரத்தில் எவ்வளவு டிரங்க் கால் வருகிறது, எத்தனை லைன் போதும் என்று பார்க்கிற வேலை. எண்பதுகளின் பிற்பகுதியில் திருப்பதியில் ஒரு கல்வி வளாகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் ஆள் எடுத்தார்கள். பேச்சு நெரிசலைக் கணக்குப் போட்டவள் கம்ப்யூட்டர் நெரிசலையும் போடுவாள் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வளாகத்தின் பெயர் வேண்டாம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

அங்கே ஒரே ஒரு பெரிய மெஷின். அது சென்டரில் குளிர்பதன அறைக்குள் இருந்தது. வளாகத்தின் வெவ்வேறு கட்டடங்களில் டெர்மினல்கள். டெர்மினல் என்றால் ஒரு திரையும் ஒரு கீபோர்டும், வேறொன்றும் இல்லை. எல்லாக் கட்டடத்துக் கேபிள்களும் ஒரு பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டியிலிருந்து மெஷினுக்கு ஒரே ஒரு கம்பி. வளாகத்தில் யார் எதைத் தட்டினாலும் அந்த ஒரு கம்பி வழியாகத்தான் போக வேண்டும், பதிலும் அதே கம்பி வழியாகத்தான் வர வேண்டும்.

எங்கள் டைரக்டர் தெலுங்குக்காரர். நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அவ்வளவு அவசரம். ஆனால் தாராள மனசு. வருஷா வருஷம் அட்மிஷன் நாட்களில் பெற்றோர்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆற்றாமை. "இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல பண்றோம். எட்டு அறை, எட்டு டெர்மினல். பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போகணும்" என்றார். பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் கணக்கு கேட்டார்கள்.

நான் குமாஸ்தாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஒரு பிள்ளையின் விவரத்தைத் தட்ட எவ்வளவு நேரம், அடுத்த பிள்ளை வந்து உட்கார எவ்வளவு நேரம் என்று பார்த்து, அறை கூடக் கூடக் காத்திருப்பு எவ்வளவு ஏறும் என்று தாளில் ஒரு கோடு வரைந்தேன். நான்கு அறை தாங்கும். ஐந்தும் தாங்கும். ஆறில் காத்திருப்பு தெரிய ஆரம்பிக்கும். எட்டாவது அறைக்கு வரும்போது என் கோடு தாளை விட்டு மேலே போய்விட்டது.

கூட்டத்தில் டைரக்டர் கேட்டார்: "ஆகுமா, ஆகாதா? அது மட்டும் சொல்லுங்க கிரேஸ் அம்மா."

"எட்டும் ஒரே வேகத்துல ஓடினா ஆகாது சார். கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகும்னு நினைக்காதீங்க. நல்லாப் போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு எட்டும் சேர்ந்து நிக்கும்."

"ஞாயித்துக்கிழமை ட்ரையல் பார்த்தோமே. எட்டும் ஓடிச்சு கதா, இல்லையா?"

"ட்ரையல்ல யாரும் பயப்படல சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அட்மிஷன் புரோகிராமை எழுதிய ரமணய்யாவும் சிரித்தார். நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கே முழுதாகத் தெரியாது. எட்டு அறை என்று முடிவானது.

உங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்றால் உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பலர் அங்கேதான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் எட்டும் சேர்ந்து நின்றால் அந்த எட்டு அறைகளோடும் நான் எப்படிப் பேசுவது என்ற பயம் ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தது. டைரக்டரிடம் போய் ஒவ்வொரு அறையிலும் ஒரு இண்டர்காம் வேண்டும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். அட்மிஷனுக்கு முந்தின நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணக்கு பொய்யாகப் போகட்டும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை சூரியன் மலைக்கு மேல் ஏறுவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் நாள் மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு நேராக இங்கே வந்து நின்ற தகப்பன்மார் எத்தனையோ பேர். புளிச்சோற்று வாசனை, வேர்வை வாசனை, தெலுங்கும் தமிழும் கலந்த இரைச்சல். எட்டு அறைகளும் ஓட ஆரம்பித்தன. நன்றாகவே ஓடின. டைரக்டர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. ரமணய்யா எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "சூசாரா, பார்த்தீங்களா மேடம்? ஒன்னும் ஆகல" என்றார். நான் பெட்டியின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் ஒரு செய்தி போகும்போது ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். காலையில் சிமிட்டிச் சிமிட்டி அணைந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அணைகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது.

டீ முடிவதற்குள் அது அணையாமல் நின்றுவிட்டது.

முதலில் நூலக அறையிலிருந்து போன். "மேடம், திரை அப்படியே நிக்குது." அடுத்து அறிவியல் கட்டடம். அடுத்து மூன்று போன் ஒரே நேரத்தில். வெளியே கூட்டத்தின் சத்தம் மாறியது. ஒரு வரிசை நகர்வதை நிறுத்தியவுடன் ஜனங்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. பின்னால் நிற்பவர்கள் முன்னால் தள்ள ஆரம்பித்தார்கள். எங்கேயோ கண்ணாடி உடைந்தது.

டைரக்டர் ஓடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மெஷினை நிறுத்தித் திரும்பப் போடுங்க!"

ரமணய்யாவும் அதையே சொன்னார். "மெஷின் ஹேங் ஆயிருக்கு மேடம். ரீஸ்டார்ட் பண்ணா க்ளீன் ஆயிடும்."

அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். மெஷினே செத்திருந்தால் ரமணய்யா சொல்வது சரி. மெஷின் நன்றாக இருந்து கம்பியில்தான் நெரிசல் என்றால், நிறுத்திப் போடுவதுபோல் நாசம் வேறில்லை. பாதி தட்டியிருக்கிற சீட்டுகள் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு மெஷின் எழுந்தவுடன் எட்டு அறையும் ஒரே நொடியில் உள்ளே பாயும். எது உண்மை என்று பார்த்துச் சொல்ல அந்தக் காலத்தில் எங்களிடம் கருவி கிடையாது.

"சார், ரயில்வே கேட் திறந்ததும் என்ன ஆகுது?" என்று கேட்டேன். அவர் தினமும் அந்தக் கேட்டில் மாட்டிக்கொண்டு திட்டிக்கொண்டே வருகிறவர். "ரெண்டு பக்கமும் ரோடு முழுக்க வண்டி நின்னா, கேட் திறந்தும் யாரும் போக முடியாது இல்லையா? அதுதான் ஆகும். நிறுத்திட்டா பழையபடி வராது சார். எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க. எல்லா அறையிலயும் கீபோர்டுலேர்ந்து கையை எடுக்கச் சொல்றேன். கம்பியில இருக்கறது எல்லாம் வடியட்டும். விளக்கு மறுபடி சிமிட்ட ஆரம்பிச்சா மெஷின் உயிரோட இருக்குன்னு அர்த்தம். சிமிட்டலைன்னா ரமணய்யா சொல்றபடி நிறுத்திடலாம். கையை எடுத்ததால ஒன்னும் கெட்டுப்போகாது."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், கையால் அல்ல, தோளால். டைரக்டர் அந்தக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கானி" என்றார். சரி, செய்யுங்கள் என்று அர்த்தம்.

இதுதான் அன்று நான் எடுத்த ஒரே முடிவு. எது சரி என்று தெரியாதபோது, தப்பாகப் போனாலும் திரும்பி வரக்கூடிய வழியில் முதலில் போங்கள்.

ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டேன். "கையை எடுங்க. மடியில வச்சுக்குங்க. யாரும் எதையும் தட்டாதீங்க." ஏழு அறைகள் கேட்டன. எட்டாவது, பழைய ஹாஸ்டல் ஆபீஸ் அறையில் போனை யாரும் எடுக்கவில்லை. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நான் ஓடினேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்த வெயிலில் கூட்டத்தின் நடுவே ஓடினேன்.

அந்த அறையில் குமாஸ்தா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பெண், பதினேழு வயசு இருக்கும், இரட்டைப் பின்னல். அவள் பெயர் மல்லிகா என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் மொட்டைத் தலையோடு அவள் அப்பா. பாலசமுத்திரத்து விவசாயி. அவர் குமாஸ்தாவின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையைக் கீபோர்டின் மேலேயே அழுத்தி வைத்திருந்தார். "அமுத்து சார், அமுத்து, இன்னொரு தபா அமுத்து!" குமாஸ்தா அனுப்புகிற பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அவரைக் கையை எடுக்க விடுங்க ஐயா" என்றேன்.

"என்னாம்மா சொல்ற நீ? எலெக்ட்ரானிக்ஸ்ல ஒரே ஒரு சீட்டுதான் கீதுன்னு வெளிய சொன்னாங்க. நாங்கோ கைய எடுத்தா அந்த ரூம்புல கீறவன் எடுத்துக்குனு பூடுவான். விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து நின்னுக்கினு கீறோம்மா."

"எல்லா அறையிலயும் எடுத்துட்டாங்க ஐயா. நீங்க தட்டத் தட்டத்தான் யாருக்கும் பதில் வரமாட்டேங்குது. உங்க பொண்ணுக்கும் வராது."

"கைய எடுத்தா சீட்டு வருமா? நீ சொல்லு. வரும்னு சொல்லு, எடுத்துடறேன்."

அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் அவர் கையை உடனே எடுத்திருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "எனக்குத் தெரியாது ஐயா" என்றேன். "ஏற்கெனவே போயிருக்கலாம். கிடைச்சும் இருக்கலாம். கையை எடுத்தா மட்டும்தான் தெரியும்."

அவர் கை இன்னும் இறுகியது. அந்தப் பெண்தான் எழுந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "வுடு நைனா. அவுங்க கை நோவுது பாரு. வுடு." அவர் விட்டார். தரையில் குந்திவிட்டார்.

ஜன்னலில் முகங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் திரையைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ரமணய்யா சொன்னதுதான் சரியோ, இத்தனை பேர் நேரத்தையும் நான் வீணாக்கிவிட்டேனோ என்று தோன்றியது.

இண்டர்காம் அடித்தது. ரமணய்யா. "மேடம், லைட்டு சிமிட்டுது! மெஷின் உயிரோட இருக்கு!"

அதே நேரத்தில் திரை அசைந்து, வரிகள் மளமளவென்று மேலே ஓடின. குமாஸ்தா குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிராமலேயே சொன்னார்: "எலெக்ட்ரானிக்ஸ். இடம் இல்லை."

மல்லிகா அழவில்லை. தன் சான்றிதழ்களைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவள் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திரையில் வரிகள் நிற்கவில்லை. இடம் இல்லை. இடம் இல்லை. இடம் இல்லை. ஒரே பதில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒரு கேள்விக்கு எதற்கு இத்தனை பதில் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. குமாஸ்தா எத்தனை தடவை தட்டினாரோ அத்தனை கேள்வியும் போயிருக்கிறது. இவை பிந்தின தட்டல்களுக்கு வருகிற பதில்கள். அப்படியானால் முதல் தட்டலுக்கு என்ன பதில்? திரை அசைந்த முதல் நொடியிலேயே அது வந்து, யாரும் படிப்பதற்குள் மேலே ஓடிப் போயிருக்கும்.

"பொறும்மா, போகாதே" என்றேன். "சார், இந்தப் பொண்ணோட நம்பரைப் போட்டுப் பாருங்க. எலெக்ட்ரானிக்ஸ்ல கடைசி சீட்டு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க."

குமாஸ்தா ஒரே ஒரு தடவை தட்டினார். பதில் உடனே வந்தது. கடைசி சீட்டு மல்லிகாவின் பெயரில்தான் இருந்தது. அவளுடைய முதல் கேள்வி அந்த இடத்தை எடுத்துவிட்டது. இரண்டாவதிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அவளே நிரப்பிவிட்ட இடத்தை.

அப்பாவுக்குப் புரிய வைக்க நேரம் ஆனது. புரிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் நிற்க முடியவில்லை. வேறொரு நினைப்பு வந்துவிட்டது. இந்த நேரத்தில் மற்ற ஏழு அறைகளிலும் யார் யாரிடம் "இடம் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்?

சென்டருக்குத் திரும்பி ஓடி டைரக்டரிடம் சொன்னேன். ரமணய்யா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய புரோகிராம் முதலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். கேட்கிற பிள்ளைக்கு ஏற்கெனவே இடம் கொடுத்தாகிவிட்டதா என்பதைப் பிறகுதான் பார்க்கும். சாதாரண நாளில் அந்த வரிசை தப்பே இல்லை. அதை எழுதியபோது யாரும் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"இடம் இல்லைன்னதும் வேற பிரிவு கேட்டவங்களுக்கு, உங்களுக்கு ஏற்கெனவே சீட்டு இருக்குன்னு மெஷினே சொல்லிடும் சார்" என்றேன். "ஒன்னும் கேக்காம எழுந்து போனவங்கதான்..."

டைரக்டர் மூடி மறைத்திருக்கலாம். இடம் இல்லை என்று போனவர்கள் போனவர்கள்தான், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மைக்கைத் தன் கையில் வாங்கினார். தெலுங்கில் ஒரு தடவை, உடைந்த தமிழில் ஒரு தடவை சொன்னார்: "தப்பு எங்களது. இடம் இல்லைன்னு சொல்லி அனுப்பினவங்க யாரும் போகாதீங்க. திரும்பி வாங்க." பிறகு என்னிடம், "எந்த அறைகளை மூடணும்?" என்று கேட்டார். நான்கைச் சொன்னேன். மறுபேச்சு இல்லை. மூடிய நான்கு அறைகளின் வரிசைகளும் மீதி நான்கில் சேர்ந்தன. எட்டு அறை ஓடியபோது நகராத கூட்டம் நான்கு அறையில் நகர ஆரம்பித்தது.

ரமணய்யா மெஷினில் தேடினார். பெயரில் சீட்டு ஏறியும் அட்மிஷன் கார்டு வாங்காமல் இருந்தவர்கள் மல்லிகாவைத் தவிர இரண்டே பேர். ஒருவன் கேண்டீன் வாசலில் மாமனோடு நின்றிருந்தான், மைக் சத்தம் கேட்டு வந்துவிட்டான். இன்னொருவன் ராமகுப்பத்துப் பையன், ஜெயபால். அம்மாவோடு வந்திருந்தான். காணவில்லை.

ரமணய்யா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அவர் போய்த் திரும்பும் வரைக்கும் நான் செய்த வேலை எதுவும் எனக்கு நினைவில்லை. விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தனக்குக் கிடைத்த இடத்தைக் கிடைக்கவில்லை என்று நம்பிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதே கண்முன்னால் நின்றது.

அவன் ஊர்ப் பக்கம் போகிற குப்பம் பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது. ரமணய்யா விடவில்லை. சித்தூர் ரோட்டில் ஸ்கூட்டரை விரட்டி, ஊர் எல்லை தாண்டி டீசல் போட பஸ் நின்ற இடத்தில் பிடித்துவிட்டார். பஸ்ஸுக்குள் ஏறி, தொண்டை கிழியப் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். யாரோ அடிக்க வந்துவிட்டார்கள் என்று பையன் முதலில் வாயே திறக்கவில்லையாம். அம்மாதான் எழுந்து நின்று, "இன்னா தப்பு பண்ணான் என் புள்ள?" என்று கேட்டாளாம்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவர்கள் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ரமணய்யா பின்னாலேயே ஸ்கூட்டரில், தலையெல்லாம் புழுதி. கூட்டம் அநேகமாகக் கலைந்துவிட்டிருந்தது. நானே டெர்மினலில் உட்கார்ந்து அவன் நம்பரைப் போட்டேன். "இதோ பாருங்கம்மா, உங்க பையன் பேரு. சீட்டு இருக்கு."

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். "காலீல இல்லன்னு சொன்னீங்களே. இன்னொரு தபா பாரும்மா."

மறுபடி போட்டுக் காட்டினேன். பையன் எழுத்துக் கூட்டிப் பெயரை வாசித்தான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னும் ஒரே ஒரு தபா."

அந்த இடத்தில்தான் என் கணக்கில் இல்லாமல் போனது என்ன என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை பேர் வருவார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் என்று எல்லாம் எழுதியிருந்தேன். பயந்த மனிதர்கள் ஒரு கேள்வியை ஒரு தடவையோடு விடமாட்டார்கள் என்பதை எழுதவில்லை. பதில் தாமதமாகத் தாமதமாகப் பயம் கூடும். பயம் கூடக் கூடக் கேள்வி கூடும். கேள்வி கூடினால் பதில் இன்னும் தாமதமாகும். அடுத்த வருஷம் முதல் நான் போட்ட ஒவ்வொரு கணக்கிலும் அதற்கு ஒரு இடம் வைத்தேன். நீங்களும் வையுங்கள். அதற்கு எந்த எழுத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பூஜ்யம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அந்த அம்மாளுக்கு மூன்றாவது தடவையும் போட்டுக் காட்டினேன். அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாலாவது தடவை கேட்டாள். அதற்கும் காட்டினேன்.